நம்மாளுக்குப் பிறகு உம்மணாமூஞ்சி

அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, மெக்கானிக்கின் அக்கா.

மனைவி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது குறுக்கே நடந்தாலும் அதே குரலில் அதட்டிவிடுவார். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் செய்யும் தப்புக்கெல்லாம் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே இத்தனை வருஷம் உயிரோடு இருப்பவர். சாப்பாட்டு மேசையில் யாராவது பிடிக்காததைச் சொன்னால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை ஒரு மிதி மிதிக்கும்.

அக்கா குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று தம்பி வீட்டுக்கு வந்தார். "ரெண்டே மாசம்தான்டா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆரம்பத்தில் இரண்டு பெண்களுக்கும் ஆகவே ஆகாது. ரொட்டி வெட்டும் கத்தி இழுப்பறையில் இருக்க வேண்டுமா, அடுப்பு மேடையில் இருக்க வேண்டுமா என்பதில் தொடங்கி, கூடத்து ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதுவரை எல்லாவற்றுக்கும் இரண்டு கட்சி. மெக்கானிக் வேலை முடிந்து வந்தால், இரண்டு பேரும் தனித்தனியாக வந்து தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்வார்கள். அவர் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். "எல்லாத்துக்கும் தலையாட்டினா என்ன அர்த்தம்?" என்று இரண்டு பேரும் கேட்பார்கள். அதற்கும் தலையாட்டுவார்.

இந்தச் சண்டையை முடித்துவைத்தது ஒரு புத்தகம். மருத்துவமனையில் எந்த நோயாளியோ விட்டுப்போனது. யாரும் கேட்டு வராததால் மனைவி அதை எடுத்துவந்து, பாதி படித்து, சோபாவில் போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அக்கா அதைப் புரட்டினார். அதில் ஏழு தலை நாகம் ஒன்றுக்கு நான்காவது தலையில் மட்டும் பல்வலி. வைத்தியரிடம் போயே ஆக வேண்டும் என்று அந்தத் தலை ஊரைக் கூட்டுகிறது. மற்ற தலைகள் வரமாட்டோம் என்கின்றன. பானை உடைகிறது, கூரை இடிகிறது, கடைசியில் ஓட்டெடுப்பு. ஆறாவது தலை மட்டும், தான் நடுநிலை என்று கண்ணை மூடிக்கொள்கிறது.

அக்கா சோபாவிலிருந்து சரிந்து தரைக்கு வந்துவிட்டார். சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார், கையில் அந்தக் கத்தியோடு.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"ஆறாவது தலை..." அதற்கு மேல் அக்காவுக்கு வார்த்தை வரவில்லை.

"நடுநிலையா?" என்றார் மனைவி. கேட்ட மறுகணம் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, கூடத்தின் நடுவே அக்காவும் மனைவியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கத்தி. அவருக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது.

அந்த எழுத்தாளருக்கு இரண்டு பேரும் வைத்த பெயர் 'நம்மாள்'. மெக்கானிக் புத்தகம் படிக்கிறவர் அல்ல. லிஃப்ட் கம்பெனி கொடுக்கும் கையேடுகளைத் தவிர அவர் எதையும் கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. "நம்மாள் இந்தத் தடவ பின்னி எடுத்துட்டார் அண்ணி" என்று மனைவி சொல்வதைக் கேட்டு, தன் மாமனார் வழியில் யாரோ ஒருவர் பெரிய பதவிக்குப் போயிருப்பதாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் அல்ல, எழுத்தாளர் என்று தெரிந்தபோது நிம்மதிதான். எழுத்தாளர் என்றால் வீட்டுக்கு வந்து தங்கமாட்டார்.

நம்மாள் ஏகப்பட்ட புத்தகங்கள் எழுதியிருந்தார். எல்லாம் மந்திரம், மாயம், ரகளை. பறக்கும் கம்பளத்தைச் சலவைக்குப் போட, சலவைக் கடையே பறந்துபோகும். ஒரு கதையில், கண்ணுக்குத் தெரியாமல் போகும் மருந்தைக் குடித்த திருடன் தன் செருப்பை எங்கே விட்டோம் என்று தேடி ஊரையே எழுப்புவான். ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்ததைத் தேடிப் பிடிப்பார்கள். மனைவி முதலில், அக்கா பிறகு. மறுமுறை அக்கா முதலில். வீட்டுப் பேச்சே நம்மாள் பேச்சாகிவிட்டது. மெக்கானிக் எதற்காவது தலையாட்டினால், "பாருங்க அண்ணி, ஆறாவது தலை" என்பார் மனைவி. கத்தி சில நாள் இழுப்பறையில் இருந்தது, சில நாள் மேடையில் இருந்தது. கேட்பாரில்லை.

அப்படியே சில வருஷம் ஓடிற்று. பிறகு புத்தகங்கள் தீர்ந்துபோயின.

நம்மாள் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இனி அவர் எழுத வழியில்லை. கடைசிப் புத்தகத்தை யார் முதலில் படிப்பது என்று சண்டை வரக் கூடாது என்பதற்காக, சேர்ந்து உட்கார்ந்து மாற்றி மாற்றி வாய்விட்டுப் படித்தார்கள். முடிந்ததும் அக்கா அட்டையைத் தடவிக்கொடுத்தார். மனைவி எழுந்து போய் டீ போட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல இரண்டு பேரும் பேசாமல் குடித்தார்கள்.

"மறுபடி முதல்லேர்ந்து படிங்களேன்" என்றார் மெக்கானிக், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

படித்துப் பார்த்தார்கள். ஒருவர் ஆரம்பிப்பதற்குள் மற்றவர் முடித்துவிடுவார். எந்தப் பக்கத்தில் கூரை இடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சிரிப்பு வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, மரியாதைக்குச் சிரித்துவைத்தார்கள். அதுவும் வெகுநாள் ஓடவில்லை.

அடுத்த வாரம் மெக்கானிக் வீட்டுக்குள் நுழைந்தபோது, "இந்த ஜன்னல யார் திறந்து வெச்சது?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "மூச்சு விடணும்னு நெனச்ச யாரோ" என்று மனைவி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நம்மாள் போனவர் போனவர்தான். இன்னொரு ஆளைப் பிடித்தே ஆக வேண்டும் என்று அங்கே உட்கார்ந்தபடியே முடிவு செய்தார்.

அவர் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. கடைக்காரரை எல்லாரும் 'பின்னட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் இருக்கும் அத்தனை புத்தகத்தையும் பற்றி அவரால் பேச முடியும். ஆனால் எதையும் திறந்து பார்த்தவர் அல்ல. பின்னட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் அவர் கருத்து.

"சிரிக்கணும். மந்திரம் மாயம் இருக்கணும். அப்படி யாராவது புது ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார் மெக்கானிக்.

பின்னட்டை ஒரு புத்தகத்தை உருவித் திருப்பிப் பார்த்தார். "வயிறு வலிக்கச் சிரிக்கலாம்" என்றார்.

"நீங்க சிரிச்சீங்களா?"

"எனக்கு வயிறு நல்லா இருக்கு சார், எதுக்கு வம்பு?"

அந்தப் புத்தகத்தில் வரி தவறாமல் சிலேடை. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம், அதை விளக்க மூன்றாவது வாக்கியம். மனைவி இரண்டு அத்தியாயத்தில் மூடிவைத்தார். "என்னங்க இது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல நின்னு விலாவுல இடிச்சு, புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு கேக்கறான்."

இரண்டாவது புத்தகம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அக்கா இரண்டு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். அதற்குள் அரக்கர்கள் படையெடுத்து வந்து கதாநாயகனின் குடும்பம், ஊர், குதிரை எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். "டேய் தம்பி, கால்வாசிலயே எல்லாரையும் கொன்னுட்டான்டா. இனி சிரிக்க ஆளே இல்ல" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. குதிரை அவருக்கு மனசுக்குப் பிடித்துப்போயிருந்தது.

மூன்றாவதைப் படித்தவுடன் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. அதில் ஒன்பது தலை நாகத்துக்குக் காதுவலி.

"நம்மாள் வீட்டுக் குப்பையப் பொறுக்கியிருக்கான்" என்றார் அக்கா.

"அதுலயும் ரெண்டு தலைக்கு வேலையே குடுக்கல அண்ணி. சும்மா கூட்டத்துக்கு நிக்குது."

ஒன்றுசேர்ந்து திட்டுகிறார்களே என்று மெக்கானிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நான்காவது புத்தகம் அதைக் கெடுத்தது. சூனியக்காரி ஒருத்தியின் கழுதை தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக எழுதிய புத்தகம் அது. ஏறி உட்காருகிறவர்களையெல்லாம் கழுதை வழிநெடுகத் திட்டிக்கொண்டே போகும். 'அங்கே பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா, உன்னை யார் கடிவாளத்தைப் பிடிக்கச் சொன்னது' என்று கேட்கும். அக்காவுக்கு அது அமிர்தமாக இருந்தது. ஒரே மூச்சில் படித்து மனைவியிடம் நீட்டினார்.

மனைவி கொஞ்சம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கழுதை வாயில திட்டு வாங்கறதுக்குன்னு தனியா புத்தகம் வேற படிக்கணுமா அண்ணி? அதான் வீட்டுலயே..."

சொல்ல ஆரம்பித்தபிறகுதான் வாக்கியம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரிந்தது. பாதியில் நிறுத்தினார். ஆனால் அக்காவின் கால் அதற்குள் தரையை மிதித்துவிட்டது.

"வீட்டுலயே? சொல்லும்மா. வீட்டுலயே என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"டேய், வீட்டுலயே என்னன்னு நீ சொல்லு."

மெக்கானிக் தலையாட்டினார்.

அந்தச் சண்டைக்கு முன்னால் கத்தியும் ஜன்னலும் விளையாட்டுச் சண்டை. இப்போது இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. "சாப்பாடு மேசைல இருக்குன்னு சொல்லுங்க" என்று மனைவி இவரிடம் சொல்வார். "கண்ணு தெரியுதுன்னு சொல்லுடா" என்று அக்கா இவரிடம் சொல்வார். இவர் வாயையே திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இனி ஒரு புத்தகத்தையும் சோதிக்காமல் வீட்டுக்குள் விடுவதில்லை என்று மெக்கானிக் உறுதி எடுத்துக்கொண்டார். கயிற்றைச் சோதிக்காமல் லிஃப்டை ஓட விடுவாரா? தானே படித்துப் பார்க்க வேண்டும். தேறினால் மட்டும் கொண்டுபோக வேண்டும்.

பின்னட்டை அவருக்காக ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரே குழப்பம்.

"மந்திரக் கதைன்னு முன்னாடி போட்டிருக்கு சார். ஆனா பின்னாடி ஒண்ணுமே எழுதல. வெறும் போட்டோ. இத நான் என்னன்னு சொல்லி விக்கறது?"

மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். எழுத்தாளரின் போட்டோ. அபராதம் கட்ட வரிசையில் நிற்பவரைப் போன்ற முகம். சிரிப்பு வரும் என்று சத்தியம் செய்யாத ஒரே புத்தகமாக அது இருந்தது. அதனாலேயே வாங்கிக்கொண்டார்.

அன்று அவருக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில் 'வேலை நடக்கிறது' என்று பலகையைத் தொங்கவிட்டு, மொட்டை மாடிக்குப் பக்கத்தில் இருந்த மெஷின் ரூமுக்குப் போனார். கிரீஸ் வைத்தார், பிரேக்கைப் பார்த்தார், கயிற்றைத் துடைத்தார். மதியம் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு, மோட்டார் பக்கத்தில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

முதல் இரண்டு பக்கத்தில் சிரிப்பதற்கு எதுவுமே இல்லை. ஆனால் மெக்கானிக்குச் சிரமமாகவும் இல்லை. கம்பெனி கையேடு மாதிரி, சுற்றி வளைக்காமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம் என்று போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பூதம் வாடகைக்கு வீடு கேட்டு வந்தது.

'வீட்டுக்காரர் மூன்று நிபந்தனை விதித்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இருட்டியபின் சத்தம் போடக் கூடாது. வீட்டுக்காரரைத் தின்னக் கூடாது. பூதம் வெகுநேரம் யோசித்தது. பிறகு, ஆணி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டது.'

மெக்கானிக் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பிறகு நின்றார். திரும்பி வந்து மறுபடி படித்தார். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மேலே வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தார்.

வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்து யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை. அது பெரிய சிரிப்பு. மெஷின் ரூம் தரையில் கயிறு இறங்கும் ஓட்டைகள் வழியாக அந்தச் சிரிப்பு கிணறு போன்ற லிஃப்ட் குழிக்குள் இறங்கி, எதிரொலியையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. இரண்டாம் மாடியில் ஒருவர் மளிகைப் பையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். ஐந்தாம் மாடியில் ஒரு குடும்பம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு போன் செய்தது.

செயலாளர் விறைப்பான அம்மாள். வண்டி நிறுத்தும் இடத்தில் கோட்டைத் தாண்டி ஒரு சக்கரம் இருந்தாலும் வீடு தேடி வந்துவிடுவார். லிஃப்ட் ஓடாததால் படியேறி, மூச்சிரைக்க, பின்னால் நான்கைந்து பேரோடு மெஷின் ரூம் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே மெக்கானிக் டப்பாவின் மேல் உட்கார்ந்து, தோள் குலுங்க, கையிலிருந்த எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கறுப்பு.

"யாருப்பா சிரிச்சது?"

"நான்தான் மேடம்."

"எதுக்கு?"

மெக்கானிக் எழுந்து நின்றார். மரியாதையாக விளக்கப் பார்த்தார். "ஒரு பூதம், மேடம்..."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் இரண்டு படி கீழே இறங்கினார்.

"பூதமா? எங்க?"

"வாடகைக்கு வந்திருக்கு மேடம்."

"எந்த வீட்டுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் நடுங்கியது. "எதிர் வீடு காலியா இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்!"

மெக்கானிக் அவசரமாகப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். செயலாளர் அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நின்றபடியே படித்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"அந்த வீட்டுக்காரர் சொன்னது நியாயம்தானே? ஆணி அடிச்சா சுவர் போயிடும்" என்று சொல்லி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்று மாலைக்குள் கம்பெனிக்குப் புகார் போய்விட்டது. மேலாளர் போன் செய்தார்.

"ஏன்யா, வேலை நேரத்துல சிரிச்சியாமே?"

"சாப்பாட்டு நேரம் சார்."

"லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்ப இனிமே வெளிய வந்து சிரி." அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

மெக்கானிக்குப் புகாரெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. புத்தகம் தேறிவிட்டது. முடித்த கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, பேசாமல் இருந்த இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "நான் படிச்சேன். சிரிப்பு தாங்கல" என்றார்.

இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்கள்.

"நீங்களா?" என்றார் மனைவி.

"நீ சிரிச்சியா?" என்றார் அக்கா.

மனைவி முதலில் படித்தார், பிறகு அக்கா. அந்த நாட்களில் மெக்கானிக் வீட்டுக்குள் நடமாடியதே வேறு விதம். குழாயைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் போவார், பல்பைத் துடைக்கிற சாக்கில் இந்தப் பக்கம் வருவார். எங்கிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வரவில்லை. அக்கா புத்தகத்தை மூடிய மாலை, வெகுநாளைக்குப் பிறகு மனைவியைப் பார்த்து நேராகப் பேசினார்.

"ஏம்மா, இதுல நீ எங்கயாவது சிரிச்சியா?"

"இல்ல அண்ணி. நமக்குத்தான் புரியலையோன்னு நெனச்சேன்."

"போட்டோவப் பாரு. பல் டாக்டர் வாயத் தொறங்கன்னா, முடியாதுன்னு சொல்ற மூஞ்சி."

"எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரேல வர்ற முகமே இதைவிடக் கலகலப்பா இருக்கும் அண்ணி."

"உம்மணாமூஞ்சி!"

பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கழுதை விவகாரம் காணாமலே போயிற்று. அன்று சாப்பாட்டு மேசை பழையபடி கலகலவென்று இருந்தது. பூதத்தை வைத்து, ஆணியை வைத்து, கடைசியில் மெக்கானிக்கின் ரசனையை வைத்து. 'இவர் சிரிச்சாராம்' என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றவருக்குப் புரையேறும்.

மெக்கானிக் எதற்காக அலைந்தாரோ அது கிடைத்துவிட்டது. வீட்டில் சமாதானம். ஆனால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவரைக் கேலி செய்தால் அவருக்கு ஒன்றுமில்லை, அது பழகியதுதான். அந்தப் பூதத்தைச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. அது எவ்வளவு பணிவாகக் கேட்டது!

மறுநாள் பின்னட்டையிடம் போய் உம்மணாமூஞ்சியின் இன்னொரு புத்தகத்தை வாங்கினார். இந்தமுறை வீட்டுக்காக அல்ல. கூடத்து மூலையில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்று வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கும்.

கேலி எத்தனை நாள் ஓடும்? அதுவும் தீர்ந்தது. ஒரு சாயங்காலம் அக்காவும் மனைவியும் சோபாவின் இரண்டு முனைகளில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். படிக்க ஒன்றுமில்லை. ஜன்னலை யாராவது ஒருவர் எழுந்து போய்த் தொட்டால் சண்டை ஆரம்பித்துவிடும் என்கிற நிலை. மூலையில் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க அண்ணி, இவர் மட்டும் சந்தோஷமா இருக்கார்."

"அதானே. வீட்டுல ஒருத்தன் சிரிச்சா பங்கு குடுக்க வேணாமா? டேய், அப்படி என்னடா இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க கேலி பண்ணுவீங்க."

"பண்ணமாட்டோம். படி, கேக்கறோம்."

"நானா?"

"நாங்க படிச்சா சிரிப்பு வரல. நீ படிச்சா வருதுல்ல. நீயே படி."

மெக்கானிக் நாற்காலியைத் திருப்பினார். தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடம் விட்டபிறகு அவர் எதையும் வாய்விட்டுப் படித்ததில்லை. புது வேலையாட்களுக்குப் பாதுகாப்பு விதிகளைப் படித்துக்காட்டுவதோடு சரி. அந்தக் குரல்தான் அவருக்குத் தெரிந்த ஒரே படிக்கும் குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, கேட்கிறவர்கள் மனதில் வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் இடைவெளி.

"மந்திரவாதி தவறுதலாக அரசரைப் பூசணிக்காயாக மாற்றிவிட்டார்," என்று படித்தார் மெக்கானிக். "மன்னிப்புக் கேட்டார். அமைச்சர்கள் கூடிப் பேசினார்கள். ஆட்சி நிற்கக் கூடாது என்று முடிவாயிற்று. பூசணிக்காயை அரியணையில் வைத்தார்கள். கிரீடம் முன்பைவிட நன்றாகப் பொருந்தியது."

அக்காவின் தொண்டையில் ஏதோ சத்தம் கேட்டது. மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. விதிகளைப் படிக்கும்போது நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் கிடையாது.

"வரி ஏறவில்லை. போர் வரவில்லை. பக்கத்து நாட்டுத் தூதர் வந்து பார்த்துவிட்டு, அரசர் மிகவும் பக்குவப்பட்டுவிட்டதாகத் தன் நாட்டுக்கு எழுதினார். அரசி மட்டும் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாள். கல்யாணமான நாளிலிருந்து, தான் பேசும்போது அவர் குறுக்கே பேசாமல் கேட்டது இதுதான் முதல்முறை."

முதலில் மனைவிதான் உடைந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், மூக்கு வழியாக வந்துவிட்டது. அதைப் பார்த்த அக்கா தலையணையை எடுத்து முகத்தில் அமுக்கிக்கொண்டார்.

"படிங்க, படிங்க, நிறுத்தாதீங்க."

"மந்திரவாதி பழைய உருவத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக வந்தார். அரசி அவரை வாசலில் நிறுத்தி, அவசரமில்லை என்றாள்."

அக்கா தலையணையோடு சேர்ந்து சரிந்தார். மனைவி சோபாவின் கையைத் தட்டிக்கொண்டே, "அவசரமில்லை, அவசரமில்லை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

"அண்ணி, நாம உம்மணாமூஞ்சிய நம்மாள் மாதிரி படிச்சிட்டோம்" என்றார் மனைவி. "எங்கடா பானை உடையும், எங்கடா கூரை இடியும்னு காத்துட்டே இருந்தோம்."

"ஆமாம்மா. பழைய வண்டி ஓட்டிப் பழகினவங்க புது வண்டில ஏறினா அப்படித்தான். கியர் இருக்கற இடமே வேற. கை மட்டும் பழைய இடத்துலயே துழாவும்." அக்கா எழுந்து சரியாக உட்கார்ந்தார். "அந்தப் பூதத்துப் புத்தகம் எங்க? அதையும் முதல்லேர்ந்து படிச்சுடணும்."

"இது முடியட்டும்க்கா" என்றார் மெக்கானிக். மேலே படித்தார்.

தன் குரலுக்கு இரண்டு பேர் இப்படிச் சிரிப்பது அவருக்குப் புது அனுபவம். கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த அத்தியாயத்தில் மந்திரவாதியும் அமைச்சரும் வாக்குவாதம் செய்யும் இடம் வந்தபோது, மந்திரவாதிக்குக் கீச்சுக் குரலும் அமைச்சருக்குக் கரகரப்பும் வைத்துக் கையை வேறு ஆட்டினார்.

"டேய்!" என்றார் அக்கா. "நடிக்காத. படி."

"ஆமாங்க, நடுவுல நீங்க வராதீங்க. சும்மா படிங்க."

மெக்கானிக் கையை இறக்கினார். முகத்தை நேராக்கினார். விட்ட இடத்தை விரலால் தேடிப் பிடித்து, அமைச்சர் சொன்னதை மறுபடி ஆரம்பத்திலிருந்து, தட்டையான குரலில் படித்தார்.